சடுகுடு களத்தில் கைக்கு என்ன வேலை?

தை பிறந்துவிட்டால் திண்டுக்கல் வட்டாரத்தில் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று வாடிவாசல் சத்தம். மற்றொன்று சடுகுடு சத்தம்.

காளைக்குக் கூட்டம் அதிகம். பேச்சும் அதிகம். சடுகுடுவுக்கு அவ்வளவு விளம்பரம் கிடையாது. ஆனாலும் நத்தம் பக்கம், வேடசந்தூர் பக்கம், நிலக்கோட்டை பக்கம் என்று ஊர் ஊராக ஆட்டம் நடக்கிறது. பொங்கலுக்கு ஆடுகிறார்கள். கோயில் திருவிழாவுக்கு ஆடுகிறார்கள். விளக்குக் கட்டி விடிய விடிய ஆடுகிறார்கள்.

ஆடுகிற இளைஞர்கள் யார்? காலையில் காய்கறி மூட்டை தூக்குகிறவர் உண்டு. பூப்பறிக்கிறவர் உண்டு. நூல் ஆலைக்குப் போகிறவர் உண்டு. பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிறவர் உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் உண்டு. பகலில் இவர்களுக்குச் சோறு போடுவது கை. இரவில் ஆட்டத்துக்கு உதவுவதும் அதே கை.

அந்தக் கையைக் களத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்று யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? காலைப் பற்றிப் பேசுகிறார்கள். மூச்சைப் பற்றிப் பேசுகிறார்கள். கையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தோள் நழுவிய பிறகுதான் கையின் நினைவு வருகிறது.

மூச்சே பந்து

உலகத்தில் பல ஆட்டங்களில் ஒருவர் பந்தை எடுத்துக் கொண்டு எதிரிகளின் நடுவே புகுந்து ஓடுவார். எதிரிகள் அவரை மடக்கப் பார்ப்பார்கள். அவர் தப்பப் பார்ப்பார்.

சடுகுடுவில் பந்து இல்லை. ஆனால் பாடிப் போகிறவரும் ஒன்றைச் சுமந்துதான் போகிறார். அது அவருடைய மூச்சு! "கபடி, கபடி" என்று விடாமல் சொல்லிக் கொண்டே போக வேண்டும். எதிரியைத் தொட வேண்டும். நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். பாட்டு அறுந்தால் ஆள் அவுட். பந்தைத் தவற விட்டவன் அதை மறுபடி எடுக்கலாம். மூச்சைத் தவற விட்டவனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இப்போது ஒரு பாட்டுக்கு 30 விநாடிதான் கணக்கு. எதிரே 7 பேர் வரை நிற்பார்கள். ஆண்களின் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பாதிக் களத்துக்குள் 7 பேரிடமிருந்து தப்பி வர வேண்டும் என்றால் சும்மாவா?

அங்கேதான் கை வருகிறது.

வெள்ளைக்காரர் ஆட்டம்

ரக்பி என்று ஓர் ஆட்டம். இங்கிலாந்தில் பிறந்தது. முட்டை வடிவப் பந்து. கட்சிக்கு 15 பேர். பந்தைக் கையில் ஏந்திக் கொண்டு ஓடுவார்கள்.

இந்த ஆட்டத்துக்கும் இந்தியாவுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1873-ல் கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் ஒரு ரக்பி சங்கம் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் சங்கம் கலைந்தது. வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக வாங்கினார்கள். அவற்றை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். அதன் கைப்பிடிகள் நாகப்பாம்புகள். மூடியின் மேல் ஒரு யானை! இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் அந்தக் "கல்கத்தா கோப்பை"க்காக மோதி வருகின்றன. நம் நாட்டு வெள்ளி அங்கே பரிசாகி விட்டது.

அந்த ஆட்டத்தில் பந்து ஏந்தி ஓடுபவர் ஒரு வித்தை செய்வார். அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

எதிரி வருகிற பக்கத்தில் அவர் பந்தை வைக்க மாட்டார். எதிரி இடப்பக்கம் வந்தால் பந்து வலது கைக்கு மாறிவிடும். இடது கை காலியாக இருக்கும். அந்தக் கையை அவர் உடனே நீட்ட மாட்டார். மடக்கியே வைத்திருப்பார். முன்னதாக நீட்டினால் எதிரி அந்தக் கையையே பிடித்து இழுத்து விடுவான் அல்லவா?

எதிரி பாய்கிற அந்த நொடி வர வேண்டும். அப்போது உள்ளங்கையை விரித்து, எதிரியின் தோளிலோ மார்பிலோ ஊன்றி, முழங்கையை நீட்டுவார். அவ்வளவுதான். எதிரிக்கு உடலோடு உடல் நெருங்கினால்தான் அணைத்துப் பிடிக்க முடியும். நடுவே ஒரு கை தூரம் விழுந்து விட்டால் பிடி கிடைக்காது. எதிரியின் வேகமே ஓடுகிறவரை மறுபக்கம் தள்ளிவிடும். அந்த உந்தலில் அவர் திசை மாறி ஓடிவிடுவார்.

இதில் பலத்தை விட நேரம் முக்கியம். அரை நொடி முந்தினாலும் வீண். அரை நொடி பிந்தினாலும் வீண்.

நியூசிலாந்தில் ஜோனா லோமு என்று ஒரு வீரர் இருந்தார். 1995 உலகக் கோப்பை அரை இறுதியில் இங்கிலாந்தை எதிர்த்து ஆடினார். அப்போது அவருக்கு வயது 20. பிடிக்க வந்தவர்களைக் கையால் தள்ளியும் மேலே ஏறியும் ஓடினார். 4 முறை எல்லைக் கோட்டைக் கடந்து பந்தை ஊன்றினார். அவ்வளவு பெரிய உடம்புக்குள் சிறுநீரக நோய் இருந்தது என்பது பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 2015-ல், 40 வயதில், அவர் காலமானார்.

அமெரிக்காவில் ஆடுகிற கால்பந்து வேறு மாதிரி. அங்கேயும் பந்தைக் கையில் ஏந்தித்தான் ஓடுவார்கள். கல்லூரி ஆட்டக்காரர்களில் சிறந்தவருக்கு 1935 முதல் ஒரு பரிசு கொடுக்கிறார்கள். ஹைஸ்மன் பரிசு என்று பெயர். அது ஒரு சிலை. ஒரு கையில் பந்து. மறு கை முன்னால் நீண்டிருக்கிறது. தள்ளும் கையையே பரிசாக வார்த்து விட்டார்கள்!

நம் பள்ளிக்கூடங்களில் ஆடுகிற கால்பந்திலும் கூடைப்பந்திலும் இந்த வேலை செல்லாது. கையால் எதிரியைத் தள்ளினால் நடுவர் ஊதிவிடுவார்.

ரக்பியிலும் ஓர் எல்லை உண்டு. விரித்த உள்ளங்கைதான் செல்லும். குத்து விட்டால் குற்றம். முழங்கையையோ முன்கையையோ முன்னால் நீட்டி இடித்தாலும் குற்றம். விரித்த உள்ளங்கையால் கூட அளவு மீறி மோதக் கூடாது. தள்ளலாம், அடிக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு.

பூட்டும் சாவியும்

இப்போது நம் களத்துக்கு வருவோம்.

ரக்பி வீரர் ஓடும்போது தாராளமாக மூச்சு விடலாம். பாடிப் போகிறவருக்கு அந்த வசதி இல்லை. ஓங்கித் தள்ளினால் "ஹக்" என்று மூச்சு வெளியே போய்விடும். பாட்டு அறுந்து விடும். ஆகவே அவர் கையை மிகவும் சிக்கனமாகச் செலவு செய்ய வேண்டும். காசை எண்ணிச் செலவழிக்கிற குடும்பம் போல!

தள்ளுவதை விட நழுவுவதே சடுகுடுவில் கையின் முதல் வேலை.

திண்டுக்கல் பூட்டு ஊரறிந்தது. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்றை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பூட்டை உடைக்கிறவன் கெட்டிக்காரன் அல்ல. சாவி போடுகிறவன்தான் கெட்டிக்காரன்.

ஒருவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்தால் அதுவும் ஒரு பூட்டுத்தான். 4 விரல் ஒரு பக்கம். கட்டை விரல் ஒரு பக்கம். அந்த 4 விரலின் பக்கமாக இழுத்தால் எவ்வளவு பலம் இருந்தாலும் வராது. கட்டை விரலும் மற்ற விரல்களும் சேருகிற இடத்தில் ஒரு வாசல் இருக்கிறது. கையைத் திருப்பி, அந்த வாசல் வழியாக இழுத்தால் வந்துவிடும். வீட்டிலேயே அண்ணனும் தம்பியும் மெதுவாகச் செய்து பார்க்கலாம். சின்னவன் கை பெரியவன் பிடியிலிருந்து கழன்று வரும்.

நல்ல ஆட்டக்காரர் கையை எப்படி வைத்திருப்பார் என்று கவனியுங்கள். இரண்டு கையும் உடம்புக்கு முன்னால் இருக்கும். முழங்கை லேசாக மடங்கியிருக்கும். தொட வேண்டிய போது ஒரு கை பாம்பு நாக்கு மாதிரி போய் வரும். போன கை அங்கேயே நிற்காது. நின்றால் மாட்டிக் கொள்ளும்.

எதிரி குனிந்து தொடையைப் பிடிக்கப் பாய்கிறான். அப்போது அவன் தோளின் மேலோ முதுகின் மேலோ உள்ளங்கையை ஊன்றி, இடுப்பைப் பின்னுக்கு இழுத்து விடுவார். ரக்பிக்காரர் செய்கிற அதே வேலைதான். ஆனால் இங்கே தள்ளல் குறைவு. ஊன்றல் அதிகம். சில பேர் அப்படியே ஊன்றி, குனிந்தவனைத் தாண்டிக் குதித்தும் வந்து விடுவார்கள். கைகோத்து மறிக்கிற இருவருக்கு அடியில் நுழைந்து வருகிறவர்களும் உண்டு. அதற்குக் கையைச் சுருக்கத் தெரிய வேண்டும்.

எல்லாவற்றையும் மீறிக் கணுக்கால் மாட்டிக் கொண்டால்? அப்போது கைக்குக் கடைசி வேலை வருகிறது. நடுக்கோட்டைத் தொடுவது!

சராசரி உயரம் உள்ளவர் முன்னால் விழுந்து கையை நீட்டினால், பாதத்திலிருந்து விரல் நுனி வரை 2 மீட்டருக்கு மேல் வரும். பாடிப் போகிறவர் கட்டாயம் கடக்க வேண்டிய கோடு, ஆண்கள் களத்தில், நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆகவே பிடிபட்ட காலை ஒன்றரை, இரண்டு மீட்டர் இழுத்து வந்து விட்டால் போதும். மிச்சத்தைக் கை பார்த்துக் கொள்ளும். விரல் நுனி கோட்டில் பட்டால் பிடித்தவர்கள் அத்தனை பேரும் அவுட். கூட்டம் எழுந்து கத்துகிற இடம் அதுதான்.

பிடிக்கத் தெரிந்தவர்கள்

சடுகுடு இந்தியாவின் சொத்து என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1990-ல் பீக்கிங் ஆசிய விளையாட்டில் கபடிக்குப் பதக்கம் வைத்தார்கள். அன்று முதல் தங்கம் இந்தியாவுக்கே வந்தது. 1994-ல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற கோஷ்டியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் இருந்தார். கிராமத்து மண்ணிலிருந்து போனவர். அர்ஜுனா விருதும் பெற்றார்.

2018-ல் ஜகார்த்தாவில் கதை மாறியது. ஆண்கள் கோஷ்டி அரை இறுதியிலேயே ஈரானிடம் தோற்றது. பெண்கள் கோஷ்டியும் இறுதி ஆட்டத்தில் ஈரானிடமே தோற்றது. ஈரான் மல்யுத்தத்தில் பேர்போன நாடு. பிடி என்றால் அவர்களுக்கு உடன்பிறந்த வித்தை. இந்தியா வெறும் வேகத்தை நம்பினால் போதாது என்று அன்று தெரிந்தது. 2023-ல் ஹாங்சௌ நகரில் இரண்டு தங்கமும் திரும்பி வந்தன.

பெண்களும் இப்போது பின்தங்கவில்லை. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில் பெண்கள் கபடித் தங்கத்தை இந்தியா வென்றது. அந்தக் கோஷ்டியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். ஆனாலும் "பெண் பிள்ளைக்குக் கை கால் முறிந்து விடும்" என்று சொல்லித் தடுக்கிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பயம் முழுவதும் தவறு என்று சொல்லிவிட முடியாது. முறிகிற மாதிரி ஆட விட்டால் முறியத்தான் செய்யும். அது ஆண் பிள்ளைக்கும் முறியும்!

எங்கே கெடுகிறது?

கபடிச் சட்டம் கையைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். உடம்பில் எண்ணெய் தடவி வரக் கூடாது. பாடி வருகிறவரின் வாயைப் பொத்தக் கூடாது. முடியைப் பிடிக்கக் கூடாது. கையையோ காலையோ உடம்பையோதான் பிடிக்கலாம். முரட்டுத்தனம் செய்தால் நடுவர் அட்டை காட்டுவார். மஞ்சள் அட்டை வாங்கியவர் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும்.

கிராமத்து ஆட்டங்களில் இதில் எத்தனை நடக்கிறது?

நடுவர் பல இடங்களில் உள்ளூர்க்காரர். நல்லவர்தான். ஆனால் சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியிலும் இருப்பார்கள். நகம் பார்ப்பதற்கு அவருக்கு நேரம் இல்லை. முதல் சுற்றில் முழங்கை ஒருவர் விலாவில் படும். தெரியாமல் பட்டது என்பார்கள். இரண்டாம் சுற்றில் அவர் தெரிந்தே திருப்பிக் கொடுப்பார். மூன்றாம் சுற்றில் கை முஷ்டியாகி விடும். பிறகு ஆட்டம் களத்தை விட்டுத் தெருவுக்குப் போய்விடும். சில ஊர்களில் சாதியும் கூடச் சேர்ந்து கொள்ளும். அப்புறம் பரிசைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். போலீஸ் வண்டியைப் பற்றித்தான் பேச்சு.

ஆட்டத்தைப் பார்க்கிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நழுவி வந்தவனை விட மோதி வந்தவனுக்கே கைதட்டல் அதிகம். கைதட்டல் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் பிள்ளைகள் போவார்கள்.

முதல் முழங்கைக்கே ஊதுகிற நடுவர் வேண்டும். வேற்றூர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது. பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர்களுக்குச் சட்டம் தெரியும். அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பதில் என்ன கஷ்டம்?

விழுகிற கை

அடியை விட விழுவதில்தான் அதிக ஆபத்து.

கோட்டைத் தொடுகிற அதே கைதான் உடைகிற கையும். விழும்போது கையை விறைப்பாகத் தரையில் ஊன்றினால் உடம்பின் பாரம் முழுவதும் அந்தக் கை வழியே ஏறும். மணிக்கட்டு முறியும். தோள் பட்டை எலும்பு முறியும். தோள் மூட்டு நழுவும். முழங்கையை லேசாக மடக்கி, மண்ணோடு சறுக்கி விழக் கற்றுக் கொள்ள வேண்டும். இது பிறவியிலேயே வருகிற வித்தை அல்ல. மெத்தென்ற மணலில் பத்து நாள் விழுந்து பழகினால் வரும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக் கொடுக்கலாம். பணம் செலவில்லை.

தோள் நழுவியவனை என்ன செய்கிறார்கள்? களத்திலேயே இரண்டு பேர் பிடித்துக் கொள்கிறார்கள். ஒருவர் கையை இழுத்து "போடுகிறார்". இது மிகப் பெரிய தவறு. உள்ளே எலும்பு முறிந்திருந்தால் நிலைமை மோசமாகும். நரம்பும் இரத்தக் குழாயும் கெடலாம். ஒரு துண்டை எடுத்துக் கழுத்தோடு சேர்த்துத் தொட்டில் கட்ட வேண்டும். கை எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே தாங்க வேண்டும். 108-க்குச் சொல்ல வேண்டும். 2022-ல் திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்து விட்டது. மதுரைக்கு ஓட வேண்டிய காலம் போய்விட்டது.

இளம் வயதில் ஒரு முறை நழுவிய தோள் மறுபடி நழுவ அதிக வாய்ப்பு உண்டு. சரியாக ஆறும் முன்னே களத்தில் இறங்கினால் கேட்கவே வேண்டாம். மூட்டை தூக்கும்போது நழுவும். சட்டை மாட்டும்போது கூட நழுவும். தொழில் முறைக் கபடி 2014-ல் வந்தது. அதில் ஆடுகிறவர்களுக்கு வைத்தியர் கூடவே இருப்பார். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு மாதம் கை தூக்க முடியாவிட்டால் ஒரு மாதம் கூலி இல்லை.

கோப்பையும் மரத்தூளும்

திண்டுக்கல் சமவெளி மண் காய்ந்தால் கல். மழை இல்லாத நாளில் அதில் விழுந்தால் தோல் உரியும். கபடிக்குக் களம் மண், எரு, மரத்தூள் சேர்த்து மெதுவாக அமைக்க வேண்டும் என்பது பழைய விதி. ரப்பர் விரிப்பு இருந்தால் மெத்த நல்லது. விலை அதிகம். எல்லா ஊருக்கும் கட்டாது. ஆனால் மண்ணைக் கொத்திக் கல் பொறுக்க எவ்வளவு செலவாகும்? எரு ஊரிலேயே இருக்கிறது. மரத்தூளை மரம் அறுக்கும் ஆலையில் மூட்டை மூட்டையாகக் கொடுப்பார்கள்.

விழாக் குழுவினர் வசூலுக்குக் குறை வைப்பதில்லை. சுவரொட்டி உண்டு. ஒலிபெருக்கி உண்டு. தலைவர்களுக்குச் சால்வை உண்டு. முதல் பரிசுக் கோப்பை சில ஊர்களில் அதை வாங்குகிற பையனின் தோள் உயரம் இருக்கிறது. அந்தக் கோப்பையில் ஓர் அடியைக் குறைத்தால் களத்துக்கு வேண்டிய மரத்தூள் வந்துவிடும். இன்னும் அரை அடி குறைத்தால் கட்டுத்துணியும், பனிக்கட்டிப் பெட்டியும், வாசலில் நிற்கிறவர் கையில் ஒரு நகவெட்டியும் வந்துவிடும்.